வெண்ணெயில் காணாமற்போன மேடு

ஷேராலி கத்தவில்லை. அதுதான் உல்கானுக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதத்துக் காலை வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது அவன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு வாளியைத் தூக்கி, அதிலிருந்த பால் முழுவதையும் பனியின் மேல் ஊற்றினான். பனியின் வெண்மைக்கு முன்னால் பால் இளமஞ்சளாகத் தெரிந்தது. ஆவி பறந்தது.

"எஜே, நல்லாப் பாத்துக்கோங்க. இதுல தண்ணி எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றான். எஜே என்றால் அக்கா; அந்த நேரத்திலும் அவன் மரியாதையை விடவில்லை.

அந்த ஊரில் பாலை யாரும் தரையில் கொட்டமாட்டார்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால்கூட அதன் தலையில் பாலைத் தெளித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். ஷேராலி கறவை மாடு வைத்திருப்பவன், அவனுடைய அப்பாவும் அப்படித்தான் பிழைத்தார். அவன் கையால் பாலைக் கொட்டினான் என்றால் அவனுக்குள் என்ன உடைந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. என்ன கையெழுத்து என்பதுதான் புரியவில்லை. கேட்பதற்குள் அவன் காலி வாளியோடு தெருமுனை திரும்பிவிட்டான்.

உல்கானுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. தொகுஸ்-அர்ச்சா என்ற அந்த ஊரின் பள்ளியில் பதினான்கு வருடம் வேதியியல் நடத்தியவள். பள்ளியில் சோதனைக்கூடம் என்று ஒன்று இருந்தது. அதில் மூன்று குடுவைகளும் ஒரு பூட்டும் இருந்தன. கடைசியில் குடுவைகளும் போய்ப் பூட்டு மட்டும் மிஞ்சியபோது அவள் வேலையை விட்டுவிட்டு ஊர்ப் பால் ஆலையின் சோதனைக்கூடத்துக்குப் போனாள். ஆலையை நடத்திய தாலாய்பேக் அவள் கணவன் சகினுக்குப் பெரியப்பா மகன். அவர்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த நன்றி அவளுக்கு உண்டு. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் தாமதமாக வந்ததில்லை.

மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு நாலு வருடம் முன்பு ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் அகச்சிவப்புக் கருவி ஒன்று கிடைத்தது. ஏற்கெனவே எங்கோ பயன்பட்ட பழைய கருவி, ஒரு பயணப்பெட்டி அளவு இருக்கும். சங்கத்துக்குச் சொந்த இடம் இல்லாததால் அதை ஆலையில் வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் மூன்று நாளில் போய்விட்டார்கள். மிச்சத்தை உல்கான் தானாகவே கற்றுக்கொண்டாள். கருவியின் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு படிகம் உண்டு. அதன்மேல் ஒரு துளி பாலோ உருக்கிய வெண்ணெயோ வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அந்தத் துளிக்குள் போய்த் திரும்பும். கொழுப்பு, புரதம், பாலின் சர்க்கரை, தண்ணீர் என்று ஒவ்வொன்றும் தனக்கு ஒத்துவரும் அலைகளை மட்டும் விழுங்கிக்கொள்ளும். எது எவ்வளவு விழுங்கியது என்பது திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாய் வரும். முதல் குளிர்காலம் முழுக்க அவள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர்ப் பால் என்பதைக்கூடச் சில நாட்களில் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஷேராலி போனதும் அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு நேராகப் பால் சேகரிப்பு நிலையத்துக்கு நடந்தாள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே, 'பாலில் தண்ணீர் கலந்தவர்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே நாற்பத்தொரு வீடுகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு. ஷேராலியின் பெயருக்கு எதிரே பதினெட்டு சதவீதம். அடியில் அவளுடைய பெயரும், அவளுடையது மாதிரியே ஒரு கையெழுத்தும், ஆலை முத்திரையும். தாள் ஒட்டி இரண்டு வாரம் ஆகிறது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். சொல்லும்போது உல்கானின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரமாக ஊர் தன்னை எப்படிப் பார்த்தது என்று உல்கான் அங்கேயே நின்று நினைத்துப் பார்த்தாள். ரொட்டிக் கடையில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரி கயமாக் என்னும் பாலேட்டுக் கிண்ணம் அனுப்பாமல் நிறுத்தியது, எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் தெரிந்தது. ஷேராலிக்கு நடந்தது இன்னும் மோசம் என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு பெயர் சூட்டு விருந்தில் அவன் கொண்டுபோன புளிக்கவைத்த பால் இருந்த தோல்பையைப் பார்த்து ஒருவன், "இது பாதி ஆத்துத் தண்ணியா, முழு ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டானாம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம். ஷேராலி சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டான். மூன்று மாடுகளில் இரண்டை மறுநாளே கசாப்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். வாங்க ஆளில்லாத பாலைக் கறந்து என்ன செய்வது என்று அவன் மனைவி அழுதாளாம்.

உல்கான் ஆலைக்குப் போய் கருவியின் கணினியைத் திறந்தாள். ஷேராலி வீட்டுப் பாலை அந்தக் குளிர்காலத்தில் பதினொரு முறை சோதித்திருந்தாள். பதினொன்றும் சுத்தம். பட்டியலில் இருந்த நாற்பத்தொரு வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மற்ற நாற்பதும் பொய். தன் பெயரில் யாரோ நாற்பது பொய்யை எழுதி, முத்திரை குத்தி, ஊர் நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். ஷேராலியின் பதினொரு சோதனையையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நாற்பத்தொரு வீட்டுப் பால் நின்றுபோனதால் காலையில் டேங்கர் பாதி காலியாக வருகிறது. ஆனால் வெண்ணெய் ஏற்றிப் போகும் வண்டி முன்பைவிட நிறைந்து போகிறது. இலையுதிர் காலத்திலிருந்து வெண்ணெய் அவளுடைய மேசைக்கு வருவதே இல்லை. 'அதுக்கு வெளிய சோதனை பண்றோம், உனக்கு வேலைப்பளு வேண்டாம்' என்று தாலாய்பேக் சொன்னதை அவளும் அன்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சந்தையில் ஒரு பாக்கெட் வாங்கினாள். மேலே பச்சைப் புல்வெளி, சிவப்பு மாடு, 'இயற்கை வெண்ணெய்' என்ற எழுத்து. சோதனைக்கூடத்தில் அதை மெதுவாக உருக்கி, தண்ணீர் அடியில் படிந்ததும் மேலே நின்ற கொழுப்பை வடிகட்டி, ஒரு துளியைப் படிகத்தில் வைத்தாள். பசு வெண்ணெயின் கோட்டில், வலது ஓரமாக, தொள்ளாயிரத்து அறுபத்தாறு என்ற எண்ணுக்கு நேரே ஒரு சின்ன மேடு இருக்கும். மாடு அசைபோடும்போது புல்லின் கொழுப்பு அதன் வயிற்றில் ஒருவிதமாகத் திருகிக்கொள்வதால் வருவது அது. வெண்ணெயில் மலிவாகக் கலக்கப்படும் பாமாயிலோ எந்த மாட்டின் வயிற்றுக்குள்ளும் போய் வந்ததில்லை. சந்தை வெண்ணெயின் கோட்டில் அந்த மேடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிழல் மாதிரித்தான் ஏதோ தெரிந்தது. பக்கத்து மேடுகளின் உருவமும் மாறியிருந்தது.

அவள் அவசரப்படவில்லை. குளிர்காலத்தில் மாடு உலர்புல் தின்னும்போது அந்த மேடு கோடைக்காலத்தைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். கேட்டால் தீவனம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்பது வீடுகளில் போய்க் கேட்டு வெண்ணெய் வாங்கிவந்தாள். உலர்புல் மட்டும் போடும் வீடு, பீட்கிழங்குச் சக்கை போடும் வீடு, புண்ணாக்கு போடும் வீடு என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். சில வீடுகளில் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். ஒருத்தி, "இதையும் எழுதி ஒட்டப்போறீங்களா எஜே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். உல்கான் வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதிலும் மேடு இருந்தது. உயரம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றில்கூட இல்லாமல் போகவில்லை. பிறகு ரொட்டிக்காரனிடம் பாமாயில் கட்டி கொஞ்சம் வாங்கி, தன் வீட்டு வெண்ணெயோடு பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று ஏற்றிக்கொண்டே போய்க் கலந்து சின்னச் சின்னக் குப்பிகளில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பாமாயில் ஏற ஏற மேடு படிப்படியாக அமுங்கிக்கொண்டே போனது. சந்தைப் பாக்கெட் ஆறு பங்குக்கும் ஏழு பங்குக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. வேறு இரண்டு கடைகளில் வாங்கிய பாக்கெட்டுகளும் அங்கேயேதான் உட்கார்ந்தன. மிச்ச வெண்ணெயையும் கோடுகளின் ஒரு நகலையும் அவள் அன்றே வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஊர் மழலையர் பள்ளியில் தினமும் காலையில் பிள்ளைகளின் கஞ்சியில் போடுவது இந்த வெண்ணெயைத்தான்.

மறுநாள் அவள் தாலாய்பேக்கின் அறைக்குப் போனாள். அவர் பரபரக்கவில்லை. தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அச்சடித்துக் கொண்டுபோன கோடுகளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"பாமாயில் விஷமா என்ன? பாதி உலகம் அதைத்தான் திங்குது. யாராச்சும் செத்தாங்களா?"

"விஷமில்ல. அப்போ பாக்கெட்டுல பாமாயில்னு எழுதுங்க. எதுக்கு மாட்டுப் படம்?"

"மாட்டுப் படம் இல்லன்னா யாரு வாங்குவா?" என்று அவர் சிரித்தார்.

பட்டியலைப் பற்றிக் கேட்டபோதுகூட அவர் முகம் மாறவில்லை. சுத்தமான பால் எவ்வளவு வந்தாலும் ஆலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் இப்போது அவ்வளவு பால் தேவைப்படவில்லை, வேண்டாம் என்றால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், தண்ணீர் என்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று, கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் போல நிதானமாக விளக்கினார். அவள் பெயரைப் போட்டது ஏன் என்றால், அவள் சொன்னால் ஊர் நம்பும் என்பதால்தான்.

உல்கான் தேநீரைத் தொடவில்லை. தண்ணீர் கலந்தது யார், கலப்படம் செய்தது யார் என்று அவளுக்குள் ஒரு கேள்வி கொதித்துக்கொண்டே இருந்தது. கலப்படம் செய்தவரே நல்ல பால் கறந்தவர்களைக் கலப்படக்காரர்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார். அதற்கு அவள் கையெழுத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்துவிட்டு, 'நம்ம குடும்பம்தானே' என்கிறார்.

"நாளைக்குள்ள அந்தத் தாளைக் கிழிங்க. நாற்பது வீட்டுக்கும் தப்பா எழுதிட்டோம்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாளும் தாள் சுவரிலேயே இருந்தது. சோதனைக்கூடத்தின் பூட்டு மாறியிருந்தது. வேலையை விட்டு நிறுத்தியதாக ஒரு கடிதத்தைக் காவலாளி நீட்டினான்.

அன்று சாயங்காலமே உறவு முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. சகினின் அத்தை அயிம்கான் முன்னால் வந்தாள். அவள் தாலாய்பேக் வீட்டிலேயே இருப்பவள். பின்னால் இரண்டு பெரியவர்கள். வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு ஜாடி வெண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். உல்கான் மேசை விரிப்பை விரித்து, போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளை வைத்தாள், தேநீர் ஊற்றினாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. பெரியவர்கள் நிறையப் பேசினார்கள். குடும்பப் பெயர், இரத்தம், வெளியாட்கள் சிரிப்பார்கள், சகினின் தம்பிக்கு ஆலையில் வேலை இருக்கிறது, எல்லாம் வந்தது. அத்தைதான் கடைசியில் சொன்னாள்.

"மருமகளா வந்த வீட்டுக்கு நெருப்பு வைக்கறவ எங்கயும் கிடையாதும்மா."

உல்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நெருப்பை வெச்சது நான் இல்ல அத்தை. புகை வருதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

அவர்கள் போன பிறகு சகின் மேசை விரிப்பை மடித்துவைத்தான். டிராக்டர் பழுதுபார்ப்பவன், அதிகம் பேசும் பழக்கமில்லாதவன். அவன் இப்போது அண்ணன் பக்கம் பேசுவான் என்று நினைத்து அவள் அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"அவர் எனக்கு அண்ணன்தான். ஆனா நேத்து ஷேராலி எதிர்ல வந்தான், நான் சந்துல ஒதுங்கிட்டேன். ஒண்ணும் பண்ணாத நான் ஏன் ஒளியணும்?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெண்ணெயெல்லாம் சோதிக்கத் தலைநகரத்து ஆய்வகத்துக்கு எப்ப கொண்டுபோகணும்? வண்டியில எண்ணெய் போடணும்" என்றான்.

அத்தை கொண்டுவந்த ஜாடியை உல்கான் சாப்பாட்டுக்கு எடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு கரண்டி தனிக் குப்பிக்குப் போனது.

மூன்று பாக்கெட்டுகளையும், ஒன்பது வீட்டு வெண்ணெயையும், அந்தக் கரண்டி வெண்ணெயையும், எது எது என்று பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். தலைநகரத்து ஆய்வகத்தில் அகச்சிவப்பு முறையோடு, கொழுப்பைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வேறொரு முறையும் உண்டு. வாங்கிக்கொண்ட அதிகாரி முதலில் அலட்சியமாகத்தான் பேசினார். பழைய கருவி, பள்ளி ஆசிரியை, கிராமத்துச் சண்டை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உல்கான் தன் குப்பி வரிசையின் கோடுகளை அவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த வரிசையை யாரு பண்ணுனது?" என்று கேட்டார். "நான்தான், என் வீட்டு அடுப்புல உருக்கினேன்" என்றாள். அதன் பிறகு அவருடைய பேச்சில் அலட்சியம் இல்லை. முடிவு ஒன்பது நாளில் வந்தது. மூன்று பாக்கெட்டிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக பாமாயில். மற்ற பத்தும் கலப்பற்ற பசு வெண்ணெய்.

அந்த ஒன்பது நாளில் ஊரில் ஒரு காரியம் நடந்திருந்தது. கருவி சங்கத்துச் சொத்து என்ற தாளைச் சங்கத் தலைவர் பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். ஷேராலியும் மூன்று பேரும் ஆலை வாசலில் போய் நின்றார்கள். காவலாளி தாளைப் படித்தான், மேலே போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை. நாலு பேரும் கருவியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முடிவு வந்த பிறகு ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். தாலாய்பேக் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவர்தான் பேசினார். கருவி பழையது, தலைநகரத்துக்குப் போன பாக்கெட்டுகள் எங்கே வாங்கியவை என்று யாருக்குத் தெரியும், குளிர்காலத்தில் தீவனம் மாறினால் எந்த வெண்ணெயும் அப்படித்தான் காட்டும் என்றார். பேச்சு நன்றாக இருந்தது. சிலர் தலையாட்டினார்கள்.

உல்கான் எழுந்தாள். மேடையில் அவளுக்கு என்ன பேசுவது என்பதில் சந்தேகமில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் தயங்கினாள். கணவன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இருபத்தேழு வருடத்தில் அவள் அவரை 'மூத்த பைகே', அதாவது பெரியண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஆலையின் தாள்களில் அவர் பெயரை எழுதியிருக்கிறாள், உதட்டால் சொன்னதில்லை. பட்டியலை எழுதியது 'ஆலை' என்று சொல்லியும் முடித்துவிடலாம். ஆலை என்றால் அது ஒரு கட்டடம். கட்டடம் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

"இந்தப் பட்டியலை எழுதச் சொன்னது தாலாய்பேக். என் கையெழுத்தைப் போடச் சொன்னதும் தாலாய்பேக். நான் போடல" என்றாள்.

அரங்கத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முன் வரிசையில் இருந்த அத்தை அயிம்கான் முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். உல்கான் நிறுத்தவில்லை. ஷேராலியின் பதினொரு சோதனையையும் தேதி தேதியாகப் படித்தாள். பிறகு தீவனத்துக்கு வந்தாள்.

"குளிர்காலத் தீவனம்தான் காரணம்னு சொன்னாரு. தலைநகரத்துக்குப் பதிமூணாவது எண்ணுன்னு ஒரு வெண்ணெய் அனுப்புனேன். அது இந்தக் குளிர்காலத்து வெண்ணெய்தான். உலர்புல் தின்ன மாடுதான். அதுல ஒரு சொட்டு பாமாயில் இல்ல. அது தாலாய்பேக் வீட்டுத் தொழுவத்து வெண்ணெய். என் வாயை அடைக்கக் குடுத்து விட்டாரு. அவர் வீட்டுல யாரும் அவர் பாக்கெட்டைத் திங்கறதில்ல. நம்ம பிள்ளைங்கதான் திங்குது."

அயிம்கான்தான் முதலில் வாயைத் திறந்தாள், யாரையும் பார்க்காமல். "ஆமா. அது நான் கடைஞ்சது" என்றாள். தாலாய்பேக் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய கண்கள் தரையில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். யாரோ ஒருவன் பாக்கெட்டைத் தாலாய்பேக் மேல் எறிந்தான் என்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஷேராலி எழுந்து நின்றான், அவ்வளவுதான். பிறகு பட்டியலில் பெயர் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தண்ணீர் கலந்த அந்த ஒரு வீட்டுக்காரனும் எழுந்தான். பக்கத்திலிருந்தவள் அவன் மேலங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்போது மட்டும் கூட்டம் சிரித்தது.

நியாயம் முழுதாகக் கிடைத்ததா என்றால், இல்லை. ஆய்வு செய்ய ஆட்கள் வந்தார்கள். ஆலையை இரண்டு மாதம் மூடினார்கள். அபராதம் போட்டார்கள். அது ஆலை ஒரே வாரத்தில் வெண்ணெயில் சம்பாதித்ததைவிடக் குறைவு. கையெழுத்தை யார் போட்டது என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. 'எழுத்தர் பிழை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். நாற்பது பேரின் பெயரைச் சந்தி சிரிக்க வைத்தது எழுத்தர் பிழையாம். அந்த வரியைப் படித்த அன்று உல்கான் வீட்டில் ஒரு தட்டு உடைந்தது. சகின் துண்டுகளைப் பொறுக்கினான்.

ஷேராலியின் இரண்டு மாடுகளும் திரும்பி வரப்போவதில்லை. அவன் மிச்சமிருந்த ஒரு மாட்டோடு ஒரு கிடாரியை வளர்க்கிறான். மன்னிப்புக் கேட்க உல்கான் அவன் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி ஒரு பெரிய கிண்ணத்தில் பால் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். உல்கான் முழுவதையும் குடித்தாள். ஷேராலி அவளைப் பார்க்காமல், "எஜே, அன்னிக்கு நான் உங்க வாசல்ல கொட்டினது தப்பு" என்றான். "தப்புதான். நல்ல பால் அது" என்றாள் அவள்.

சகினின் தம்பிக்கு வேலை போனது. அந்தக் கிளை இன்றும் உல்கான் வீட்டு விருந்துக்கு வருவதில்லை. அயிம்கான் மட்டும் வருவாள், பக்கத்து வீட்டுக்கு வந்தேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு. கருவி இப்போது பழைய தபால் நிலையத்தில், சங்கத்து அறையில் இருக்கிறது. மூன்று ஊர்க்காரர்கள் பால் கொண்டுவருகிறார்கள். மழலையர் பள்ளியின் வெண்ணெயை மாதம் ஒரு முறை சமையல்காரியே எடுத்துவருகிறாள். முடிவைச் சுவரில் ஒட்டுவதில்லை. தண்ணீர் கலந்திருந்தால் கொண்டுவந்தவரிடமே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள் உல்கான். ஆரம்பத்தில் அதற்காகவும் சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

கோடையில் ஆலை மறுபடி திறந்தது. இப்போது பாக்கெட்டின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் எழுத்தில், 'தாவரக் கொழுப்புச் சேர்ந்தது' என்று போட்டிருக்கிறார்கள். சட்டப்படி சரி. முன்பக்கத்தில் அதே பச்சைப் புல்வெளி, அதே சிவப்பு மாடு. ரோசாவின் மளிகைக் கடையில் அதை வெண்ணெய் அடுக்கில், அசல் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். முதல் தடவை பார்த்தபோது உல்கான், இதை வேறு அடுக்குக்கு மாற்று என்று சொன்னாள். ரோசா, சரி எஜே, மாற்றிவிடுகிறேன் என்றாள். அடுத்த வாரமும் அது அங்கேயேதான் இருந்தது.

அதன் பிறகு உல்கான் ரோசாவிடம் கேட்பதை விட்டுவிட்டாள். கடைக்கு எப்போது போனாலும் முதலில் நேராக அந்த அடுக்குக்குப் போவாள். பாக்கெட்டுகளை இரண்டு கையாலும் அள்ளி, சமையல் எண்ணெய் இருக்கும் கீழ் அடுக்கில் வரிசையாக அடுக்குவாள். பிறகுதான் தேயிலையோ உப்போ வாங்குவாள். உல்கான் போன பிறகு ரோசா எல்லாவற்றையும் எடுத்து மறுபடி மேலே வைப்பாள். வியாபாரம் அவளுக்கு. இது இரண்டு வருடமாக நடக்கிறது. உல்கானுக்கு முட்டி வலி உண்டு, குனிந்து அடுக்குவது கஷ்டம். ஆனாலும் ஒரு பாக்கெட்டைக்கூட விட்டுவைப்பதில்லை.